டேங்க் நிறைந்த நாட்களில்

வண்டிக்குள் பெட்ரோல் நாறுகிறது என்று
மூன்று மாதமாகச் சொல்லி வருகிறேன்.
கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டு என்றார் வீட்டுக்காரர்.
பங்க்கில் கையில் பட்டிருக்கும் என்றாள் நாத்தனார்.
கம்பெனி சர்வீசில் எட்டாயிரம் வாங்கிக்கொண்டு
மல்லிகை மணக்கிற அட்டை ஒன்றைத்
தொங்கவிட்டு அனுப்பினார்கள்.
அதற்கப்புறம்
மல்லிகையும் பெட்ரோலும் சேர்ந்து நாறின.

பொங்கலூர் தாண்டி, எடைமேடைக்கு எதிரில்
திருமூர்த்தியின் பட்டறை.
நீங்களே மோந்து பாருங்க என்றேன்.
"எனக்கு மூக்கு வேலை செய்யாதுங்க.
கொரோனாவோட போச்சு.
கருவாடு வறுத்தாலும் ஒண்ணுதான்
காப்பி போட்டாலும் ஒண்ணுதான்."
சொல்லிவிட்டு, கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து
கேட்க ஆரம்பித்தார்.

காத்தால மொத ஸ்டார்ட்லயா, ஓடி நின்ன பின்னாடியா?
முன்னாடி உக்காந்தா எச்சா, பின்னாடி உக்காந்தாலா?
ஏசி போட்டா?
மேட்டுல ஏறறப்ப?
எத்தனை ரூவாய்க்குப் போடுவீங்க?

இத்தனை கேள்வி
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்டதில்லை.
யோசித்து யோசித்துச் சொன்னேன்.
சம்பள வாரம் டேங்கை நிறைப்பேன்,
அந்த வாரம்தான் தலைவலி.
மாசக் கடைசியில் முள் சிவப்பைத் தொடும்போது
ஒன்றுமே இருக்காது.
பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் பையன்
ஊத்துக்குளி மேட்டில் எழுந்து
வாந்தி வருதும்மா என்பான்.

திருமூர்த்தி எழுந்துவிட்டார்.
"அடியில ஓட்டைன்னா மாசம் பூராவும் நாறும்.
நெறஞ்சா மட்டும் நாறுதுன்னா
மேல ஒழுகுதுங்க."

பேட்டரி வயரைக் கழற்றினார்.
எடைமேடைக்காரர் பீடியோடு வேடிக்கை பார்க்க வந்தார்.
"அக்கட்டால போயி ஊதுங்க மாமா."
பின் சீட்டைத் தூக்கினால்
பொட்டு அட்டை, நமத்த பொரி,
நாத்தனார் எடுத்ததாக
இரண்டு வருடம் நான் நம்பியிருந்த
ஒற்றைக் கொலுசு.

அதற்கும் கீழே இரும்பு மூடி, நான்கு திருகு.
திறந்ததும் எனக்குக் கண் எரிந்தது.
அவர் குனிந்து
முகத்தை அதன் மேலேயே வைத்திருந்தார்.
கொஞ்சம் தள்ளி இருங்க என்று
நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பம்பைச் சுற்றிப் படிந்த புழுதியில்
வளையமாக ஒரு ஈரம்.
பழைய தினத்தாளைக் கிழித்து ஒற்றினார்.
மறுபக்கத்து எழுத்து
இந்தப் பக்கம் தெரிந்தது.
"பாத்தீங்ளா" என்றார்,
மோந்துவிட்டவர் மாதிரி.

ரப்பர் வளையம்
முறுக்காட்ட வெறைத்து, ஒரு இடத்தில் வெடித்திருந்தது.
புதுசு நூற்றெண்பது ரூபாய்.
கோயமுத்தூரிலிருந்து திருச்சி பஸ்ஸில்
டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து
ரெண்டரை மணிக்கு வந்து இறங்கியது.

மாட்டி, டேங்கை நிறைத்து வந்த பிறகு
கண்ணாடிகளை ஏற்றி என்னை உள்ளே உட்கார வைத்தார்.
வேர்த்து ஊற்றியது.
வெளியே நின்று கையால் கேட்டார்: வருதா?
இல்லை.
சித்த நேரம் கழித்து மறுபடி: வருதா?
நன்றாக இழுத்துப் பார்த்தேன்.
ஏதோ வந்தது. கதவைத் திறந்தேன்.
கோழிப்பண்ணை, என்றேன்.
"அது பொங்கலூருங்க.
அதுக்கு ரப்பர் கெடையாது."

கூலி முந்நூறு. எண்ணாமல் பையில் வைத்தவர்
எங்கேயோ பார்த்தபடி கேட்டார்:
"இன்னைக்கு எச்சா நாறுதுங்களா, பண்ணை?"
மழை வரும் போல. எச்சாத்தான்.
"செரிங்க" என்று தலையாட்டி
அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

கண்ணாடி ஏற்றியே வந்தேன் வழி முழுக்க.
நாத்தனார் வீட்டுத் தெருவில் திரும்பும்போது
டேஷ்போர்டில் கிடந்த ஒற்றைக் கொலுசு
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
சத்தம் போட்டது.