ஐந்தும் ஏழும்

சும்மா நிற்கையில் ஒரு குறையும் சொல்லாது.
முன் அலகை இறக்கி
ரெட் ரிவர் ரோட்டு ஏற்றத்தில் பனியைத் தள்ளும்போதுதான்
தொண்டையில் முள் சிக்கியவன்போல
ஒரு செருமல், ஓர் உதறல்,
பிறகு புகைக்குழாய்க்குள்
யாரோ கதவை அறைந்த சத்தம்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுச் செவி.
செவியென்றால் காது என்று சொன்னால்
தண்டர் பேயில் சிரிக்க ஆளில்லை.
பாதி என்னுடையது, பாதி சகலனுடையது;
எந்தப் பாதி எவருடையதென்பது
வரிப் படிவத்தில் மட்டும் தெளிவாக இருக்கிறது.

விமலேந்திரன் ஒக்டோபரிலேயே வைத்தியம் தொடங்கிவிட்டான்.
எட்டு பிளக், ஒரு மூடி, ஒரு ரோட்டர்,
சிவப்பில் எட்டுப் புது வயர்.
முந்நூற்றுப் பன்னிரண்டு டொலர்.
ரசீதைக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தான்,
என் வீட்டுக் குளிர்பெட்டியில்.

இன்றிரவு மைனஸ் இருபத்தாறு.
கராஜ் கதவை ஒரு முழம் திறந்துவைத்தோம்.
புகையில் சாக வேண்டாம், குளிரில் சாகலாம்.

ரப்பர் பிடி போட்ட குறட்டால்
ஒவ்வொரு வயராய்க் கழற்றினேன்.
கழற்றினால் தளர்கிறது, மாட்டினால் நிமிர்கிறது.
எட்டும் அப்படியே. எட்டும் உழைக்கின்றன.
திருடன் இல்லாத வீட்டில் களவு.

"பிரேக்கை மிதிச்சபடி கியரில போட்டு..."
நான் சொல்லி முடிக்கவில்லை, எஞ்சின் அலறியது.
அவன் எப்போதும் இப்படித்தான்.
என் வாக்கியம் பாதி ஏறும்போதே
அவனுக்குப் பற்றிவிடும்.

விளக்கை அணைத்தோம்.
செடிக்குத் தெளிக்கிற போத்தலால்
வயர்களின்மேல் தண்ணீர் தூவினேன்.
ஒழுகும் மின்சாரம் இருட்டில்
நீலமாய்த் தன்னைக் காட்டிக் கொடுக்கும்.
கொடுக்கவில்லை.
நல்ல சுத்தமான இருட்டு.
அந்த இருட்டுக்குள் 'டுப்' என்றது.

மேலே சமையலறையில்
அக்காவும் தங்கையும் ஒரே கதையை
இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சோக்கால் அலகின் முதுகில் எழுதினேன்,
பொறி விழும் வரிசையை:
ஒன்று எட்டு நான்கு மூன்று
ஆறு ஐந்து ஏழு இரண்டு.
வாய்விட்டுச் சொன்னால்
மறந்துபோன யாருடையதோ தொலைபேசி எண்.

ஐந்துக்குப் பின்னால் ஏழு.
டோர்ச்சோடு எஞ்சினின் இடப்பக்கம் குனிந்தேன்.
அங்கேயும் ஐந்துக்குப் பின்னால் ஏழு.
நேரத்திலும் அயல், இடத்திலும் அயல்.
போதாததற்கு அந்த இரண்டு வயரையும்
சாணுக்கொரு கறுப்புப் பட்டி போட்டு,
பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பின்னல்போல
இறுக்கிக் கட்டியிருந்தான்.

வெடிப்பில்லை. ஒழுக்கில்லை. புது வயர்.
ஆனால் இவ்வளவு தூரம் ஒட்டிக் கிடந்தால்
ஐந்தில் ஓடுவது
தொடாமலே ஏழுக்குள் ஒன்றைக் கிளப்பிவிடும்.
ஏழின் பிஸ்டன் பாதிவழிதான் ஏறியிருக்கும்.
அதற்குள் அதன் தலையில் தீ.

காட்டினேன்.
முதல்முறையாக அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "வடிவாத்தானே கட்டினனான்" என்றான்.

வடிவாய்த்தான் இருந்தது.
ஒவ்வொன்றாய் அறுத்தேன்.
பட்டிகள் சீமெந்தில் விழுந்து
நகம் வெட்டிய துண்டுகள்போலக் கிடந்தன.
ஏழை மற்றவற்றுக்குக் கீழாலே கொண்டுபோனேன்.
இடையில் நாலு விரல்.
தவிர்க்க முடியாத ஓரிடத்தில் மட்டும்
குறுக்கே கடக்கட்டும்.

நாலு மணிக்குப் பனி தொடங்கியது.
அவன் ஓட்டினான். ஏற்றம் வந்தது.
செருமல் இல்லை, கதவு இல்லை;
அலகின் கீழே தார் உரசுகிற சத்தம் மட்டும்.
இவ்வளவு அமைதி இந்த வண்டிக்குள்
இருந்ததில்லை.

"மார்ச்சில நாங்கள்..." என்றேன்.
வேறு வீடு பார்த்திருக்கிறோம், நாலு தெரு தள்ளி.
ஒரு மாதமாய் வாயில் வைத்திருக்கும் வாக்கியம்.

அவன் குறுக்கே விழவில்லை.
வைப்பர் மூன்று தரம் போய்வந்தது.
"மார்ச்சில? சொல்லு" என்றான்.

"மார்ச் மட்டும் உப்புக் காணாது," என்றேன்.
"பல் டொக்டற்ற வாசலுக்கே
அரை மூட்டை போகும்."