மிஸஸ் பீட்டர்சனின் பூனை

அட்டையில் என் பெயர் மிஸஸ் பீட்டர்சன்.
வயது ஐம்பத்திரண்டு. தனியாள்.
வீட்டில் வேறு உயிர் என்றால்
மார்மலேட் என்ற பூனை.
இன்று காலை அதன்மேல் காரை ஏற்றியவர்
இப்போது கதவைத் தட்டுவார்.
எட்டு நிமிடம். பிறகு மணி அடிக்கும்.

நிஜத்தில் நான் தனலெட்சுமி மூட்லி.
சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு டாக்சி மாறி வந்தவள்.
பூனை முடி பட்டாலே தும்முவேன்.
மணிக்கு இருநூறு ரேண்ட், மதியம் ஒரு சாண்ட்விச்,
அதற்கு இன்று பதினான்கு முறை அழவேண்டும்.

வெளியே டர்பனின் அக்டோபர்,
ஈரத்துணிபோல் ஒட்டுகிறது.
வராந்தாவில் வரிசையாகப் பிள்ளைகள்,
மெட்ரிக் பரீட்சைக்கு முன்னால் இது வேறு.
அம்மாக்களை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஒருத்தி என் கையைப் பிடித்தாள்,
மூன்று எண்ணி விட்டாள்.
ஒருவன் புதுப்பூனை வாங்கித் தருவதாகச் சொன்னான்,
நிறம்கூடக் கேட்டான்.
ஒருவன் பூனைகளின் சராசரி ஆயுளைச் சொன்னான்.
ஒருத்தி என்னைவிட நன்றாக அழுதாள்,
டிஷ்யூ நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.
மூலையில் பேராசிரியர்
பென்சிலால் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

ஏழாவது ஸ்கும்புசோ.
தாடையில் சவரக் காயம், அதன்மேல்
காகிதத் துணுக்கு ஒன்று ஒட்டியபடியே வந்தான்.
யாரும் சொல்லவில்லை போலும்.
உட்கார்ந்தான்.
"மேடம், உங்கள் பூனை" என்றான்.
கரண்ட் போயிற்று.

இரண்டு மணிக்கு என்று போட்டிருந்த லோட் ஷெடிங்
பன்னிரண்டுக்கே வந்துவிட்டது.
ஜன்னல் இல்லாத அறை.
ஃபேன் யோசித்து யோசித்து நின்றது.
ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டே பேராசிரியர் வெளியே போனார்.
கட்டங்களும் அவரோடு போயின.

இருட்டில் நாங்கள் இரண்டு பேர்,
செத்த பூனை ஒன்று.

"துண்டில் சுற்றி காரில் வைத்திருக்கிறேன்,
ரோட்டில் விட மனசு வரவில்லை.
உங்களிடம் மண்வெட்டி இருக்கிறதா?"

அட்டையில் மண்வெட்டி இல்லை.
"கராஜில் இருக்கிறது" என்றேன். "என் புருஷனுடையது."
அட்டையில் புருஷனும் இல்லை.

எப்போது, எப்படி என்று அவன் கேட்கவில்லை.
நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.
அதனால் சொல்லிவிட்டேன்:
காலை நாலரைக்கு ஆஸ்பத்திரி போன்.
மூட்லி போய்விட்டார் என்றார்கள்.
உடனே மன்னிப்புக் கேட்டார்கள்,
அது வேறு மூட்லியாம், பக்கத்து வார்டாம்.
இருபது நிமிடம் கழித்து
மறுபடி போன் வந்தது.
நடுவில் இருந்த இருபது நிமிடம்
நான் டீ போட்டுக் குடித்தேன், தம்பி.
சந்தோஷமாகக் குடித்தேன்.

வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு கேட்டான்: "சர்க்கரை போட்டா?"
"இரண்டு ஸ்பூன்."

சிரித்தோமா, ஞாபகமில்லை.
எத்தனை நிமிடம் என்றும் தெரியாது,
அந்த மணியும் கரண்டில்தான் அடிக்கும்.

வெளிச்சம் வந்தது. முதலில் தெரிந்தது
அந்தக் காகிதத் துணுக்கு.
"எதில் விட்டீர்கள்?" என்றார் பேராசிரியர்.
சக்கரை டப்பாவில் கைவிட்ட பிள்ளைகளாய்
ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
"மண்வெட்டியில்" என்றான்.
அவர் புருவத்தை உயர்த்தி ஏதோ எழுதினார்.
நேரம் முடிந்துவிட்டது.

என் தாளில் ஒரே ஒரு கேள்வி:
இவரை உங்கள் டாக்டராக ஏற்பீர்களா?
ஒன்று முதல் ஐந்து வரை.
ஐந்து போட்டேன்.
ஐந்து போட்டால் காரணம் எழுதவேண்டுமாம்,
இரண்டு வரிக்குத்தான் இடம்.
மண்வெட்டி கேட்டான் என்று எழுதினேன்.
போதுமா தெரியவில்லை.
அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதினேன்.

மணி.
தட்டுகிறார்கள்.
முகத்தைத் துடைத்துக்கொண்டு
மிஸஸ் பீட்டர்சன் எழுந்து போகிறாள்.
அவளுக்கு ஒன்றும் தெரியாது.
கதவைத் திறக்கும்வரை
பூனை உயிரோடுதான் இருக்கிறது.