ஒன்பது புள்ளி நாலு

இரவு ஒன்று நாற்பது.
திருமதி அரூடாவின் பாதத்துக்குக் களிம்பு பூசிக்கொண்டிருக்கிறேன்.
குதிக்கால், உள்ளங்கால், மேற்புறம்.
விரலிடுக்கில் பூசக்கூடாது, ஈரம் தங்கினால் புண் வரும்.
இடது காலில் இடுக்குகள் குறைவு.
இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்.

சட்டைப்பையில் கைப்பேசி நடுங்குகிறது.

தவறஞ்சன். 9.4.
பக்கத்தில் மேல்நோக்கிச் சாய்ந்த ஓர் அம்பு.

ஐந்து பஸ் தரிப்பு தள்ளி,
ஸ்காபரோவில், மார்க்கம் வீதியில், பதினாலாம் மாடியில்
நித்திரையாய் இருக்க வேண்டிய மனுஷன்.
அவரின் மேற்கையில் ஒட்டிய சில்லறைக்காசளவு வில்லை
அவரைக் கேளாமலே என்னோடு கதைக்கிறது.

நான் வேலை முடிந்து வர அவர் வேலைக்குப் போவார்.
கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசத்தில்
இப்போதுதான் எங்களுக்குள் இவ்வளவு பேச்சு:
6.1 என்றால் குரக்கன் பிட்டு.
11.8 என்றால் வேர்ஹவுஸில் யாருக்கோ பிறந்தநாள்.
மெல்ல இறங்கினால், சாப்பிட்ட பிறகு நடக்கிறார்;
வெளியில் மைனஸ் பதினெட்டு என்றால்
லிஃப்டடியிலிருந்து குப்பைக்குழாய் வரை,
குப்பைக்குழாயிலிருந்து லிஃப்டடி வரை.

நடுச்சாமத்தில் 9.4 என்றால்
லட்டு.
வீடு குடிபூரலில் கட்டித் தந்த ஆறு லட்டு.
தயிர் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தது நான்தான்.
எறிய மனம் வரவில்லை.

"எத்தனை?" என்று எழுதினேன்.
அழித்தேன்.
"கால் விரல் வேண்டாமோ உங்களுக்கு?"
அதையும் அழித்தேன்.
திருமதி அரூடா கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:
உன் கை குளிருது.

9.6
9.6
9.3

எங்கட பேச்சில் சீனிக்கும் வருத்தம் என்றுதான் சொல்லுவோம்.
காய்ச்சலுக்கும் அதே சொல், கவலைக்கும் அதே சொல்.
அம்மாவுக்கு வருத்தம் என்று ஒருமுறை கடிதம் வந்து
எந்த வருத்தம் என்று திருப்பி எழுதிக் கேட்டேன்,
பதில் வர ஒரு மாதம்.
அம்புக்கும் அந்த வித்தியாசம் தெரியாது.

காலை ஏழு. கதவைத் திறந்து,
பூட்ஸ் கழட்டாமல், பனி சொட்டச் சொட்ட, நேரே குளிர்பெட்டிக்கு.
ஆறு.
திரும்பவும் எண்ணினேன். ஆறு.
ஒன்றில்கூட நகக்குறி இல்லை.

மேசையில் ஒரு கடதாசி.
பத்து நாளாய் என் மற்றக் குளிர்ச்சட்டைப் பையில்
நாலாய் மடிந்து கிடந்தது.
கசங்கலை உள்ளங்கையால் நீவி
ஒரு மூலையில் உப்புப்போத்தல், மறுமூலையில் மிளகுப்போத்தல் வைத்து
விரித்திருக்கிறார்.
ஆய்வுகூடத்தின் பெயர். என் பெயர்.
மூன்று மாதச் சராசரி: 6.2.
நீரிழிவுக்கு முந்தின படி.

"பஸ் காட் தேடினனான்" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
நான்தான் கேட்டேன், இரவு என்ன சாப்பிட்டீங்கள் என்று.
"தண்ணி."

கதவடியில் அவரின் ஓட்டச் சப்பாத்துக்குப் பக்கத்தில்
என்ரதும்.
வாங்கின நாளிலிருந்து பெட்டிக்குள் கிடந்தது.
நாடாவைக்கூட அவரே கோத்திருந்தார், ஒரு துளை தவறி.

வேலைக்கு இன்னும் பதினெட்டு நிமிசம்.
லிஃப்டடியிலிருந்து தொடங்கினோம்.
யாரோ வீட்டில் வெங்காயம் வதங்கும் மணம்.
குப்பைக்குழாய்க் கதவைத் தொட்டுத் திரும்பும்போது
பை நடுங்கியது.
பக்கத்தில்தானே வாறார்.
பார்க்கவில்லை.