துணைக்கால்

லியெபாயா துறைமுகத்தில் அதிகாலை மூன்றே கால்.
கண்ணாடிக்கு வெளியே பனியும் கடலும்
ஒரே சாம்பலில் படுத்திருக்கின்றன.
கப்பல் கட்டுப்பாட்டு அறையில் இல்க்வார்ஸ்
கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில்
தன் மின்னஞ்சலைப் படிக்கிறான்.
படமில்லை, வண்ணமில்லை,
என்னை அழுத்து என்று கெஞ்சும் பொத்தானில்லை.
மவுஸ் இழுப்பறைக்குள்
வாலைச் சுற்றிக்கொண்டு
இரண்டு குளிர்காலமாகத் தூங்குகிறது.

இங்குனாவிடமிருந்து. ஏழு மாதத்துக்குப் பிறகு.
"கடைசியில் நடந்தேவிட்டது. படங்கள் கீழே."
அவ்வளவுதான். முழுப் பெயர்கூடப் போடவில்லை.
ஓர் இ, ஒரு புள்ளி.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு, பி.
மடலில் இருந்த லிங்குகளெல்லாம்
மேலங்கி கழற்றி வரிசையில் வந்து நிற்கின்றன.
ஒன்று, அஞ்சல் நிறுவனத்தின் விளம்பரம்.
இரண்டு, அதே விளம்பரம், கொஞ்சம் வெட்கத்தோடு.
மூன்று, தனியுரிமை பற்றி யாரும் படிக்காத ஏதோ.
ஜே. ஜே. ஜே.
இருட்டிலும் படி தெரிந்த கால் மாதிரி
விரல் தானாக இறங்குகிறது.

நான்காவது நீளம். வரி கொள்ளாமல்
ஓரத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு
அடுத்த வரியில் மூச்சு வாங்குகிறது.
சாய்கோடு, எண்கள், சாய்கோடு, ஆண்டு,
கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால்
கஸஸ்.

இங்கேதான் சிக்கல்.
அவர்கள் மொழியில் கஸஸ் என்றால் ஆடுகள்.
காஸஸ் என்றால் கல்யாணம்.
நாம் பக்கத்தில் நட்டுவைக்கும் துணைக்காலை
அவர்கள் எழுத்தின் தலையில்
சின்னக் கோடாகச் சுமக்கிறார்கள்.
இணைய முகவரிக்குள் நுழையும்போது
அதை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.
உள்ளே குறிலும் நெடிலும் ஒன்றுதான்.

குல்டீகாவுக்கு அப்பால் பாதி இடிந்த கொட்டகை வாங்கி
ஆடு வளர்க்கப் போகிறேன் என்று சொன்னவள்தான்.
கல்யாணம் இனி இந்த ஜென்மத்தில் இல்லை
என்று சொன்னவளும் அவள்தான்.
இரண்டையும் ஒரே நாளில்,
அவன் சமையலறையில் பெட்டி கட்டிக்கொண்டே.
கடைசியில் நடந்தேவிட்டது என்றால்
எது?

மற்றவர்களின் திரையில்
"இங்கே" என்ற சொல்லுக்கு அடியில்
முகவரி ஒளிந்துகொண்டிருக்கும்.
கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருப்பான்.
இதுவோ போகுமிடத்தை எழுத்துக்கூட்டிக் காட்டிவிட்டுத்தான்
போகிறாயா என்கிறது.

ரேடியோ கரகரக்கிறது.
எஸ்தோனியச் சரக்குக் கப்பலொன்றுக்கு வழிகாட்டிப் படகு வேண்டும்.
நாற்பது நிமிடம், வடக்கு வாயில், காற்று பதினொன்று.
அவன் குரலில் ஒன்றும் தெரியவில்லை.
திரும்பினால் நான்கின் மேலேயே
பச்சைக் கட்டம் இமைத்துக்கொண்டிருக்கிறது.

கியூ அடித்தால் எல்லாம் மூடிக்கொள்ளும்.
அந்த விரலும் தயாராகத்தான் இருக்கிறது.

என்டர்.

அவன் உலாவியும் எழுத்து மட்டுமே தெரிந்த பிராணி.
படம். படம். படம். படம்.
சதுர அடைப்புக்குள் பதினான்கு தடவை அதே சொல்,
ஒன்றில்கூட யாருமில்லை.
கொம்பா, மலர்முடியா,
வெள்ளை ரோமமா, வெள்ளை உடையா?
இழுப்பறையைத் திறக்கிறான். மவுஸைப் பார்க்கிறான்.
மூடுகிறான்.

ஒன்பதாவது படத்துக்குக் கீழே மட்டும்
தலைக்கோடுகள் எல்லாம் ஒழுங்காகப் போட்டு
ஒரு வரி இருக்கிறது:
"என் கையுறையைத் தின்றது இதுதான்."

கை ரேடியோ பொத்தானில் இருந்ததை மறந்து
சிரித்துவிடுகிறான்.
என்ன, என்கிறான் படகுக்காரன்.
ஒன்றுமில்லை. காற்று இப்போது பத்து.

அந்தக் கையுறைகளை அவனுக்குத் தெரியும்.
சாம்பல் கம்பளி. இடது கட்டைவிரல் மட்டும் சிவப்பு,
பின்னும்போது அவனிடம் நூல் தீர்ந்துபோனதால்.

ஆர்.
வணக்கம் இல்லை, நலமா இல்லை.
"இடதா, வலதா?"
ஒய் அடித்ததும் போய்விட்டது.