ஒற்றைத் துணி

பாயான் லெப்பாசில்
என் வேலையே உடுத்திக்கொள்வதுதான்.
முதலில் வலைத்தொப்பி, பிறகு முகமூடி,
தலையோடு சேர்ந்த வெள்ளை அங்கி,
முழங்கால்வரை காலுறை,
கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை.
பன்னிரண்டு வருடப் பழக்கம், நான்கே நிமிடம்.
கண் மட்டும் வெளியே.
என் தோலிலிருந்து உதிரும் ஒரு பொடி
சில்லின்மேல் விழுந்துவிடக் கூடாதாம்.

இவனுக்கு ஒரு சட்டை போட
அரை மணி நேரம் ஆகிறது.

ஜெலுத்தோங், பதினாலாவது மாடி.
காலை பத்தரைக்கே சன்னல் கம்பி சுடுகிறது.
லோஷினி தையல் வலியோடு ஒருக்களித்துத் தூங்குகிறாள்.
பிறந்து பதினோரு நாள் ஆனவன்
பாயில் கிடந்து காத்தாடியைப் பார்க்கிறான்,
அதுதான் தன்னைப் பெற்றது என்பதுபோல.

நேற்றுவரை அவனுக்கு
எல்லாவற்றையும் போட்டேன்.
உள்சட்டை, மேல்சட்டை, சிலுவார்,
கைக்கு உறை, காலுக்கு உறை,
தானா ராத்தாவிலிருந்து பூங்குழலி அண்ணி பின்னி அனுப்பிய
மஞ்சள் கம்பளித் தொப்பி.
அங்கே குளிர். அங்கே அது நியாயம்.
தேயிலைமேல் பனி இறங்கும் ஊரில் பின்னிய அன்பு
இங்கே
கஞ்சிப் பானைக்கு மூடி ஆயிற்று.
அடுத்த வீட்டு ஊய் அக்கா வேறு
காற்று உள்ளே புகுந்துவிடும், மூடு மூடு என்று
கதவிடுக்கில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.
அவள் நெற்றியிலும் வியர்வை.

மோட்டாரில் வந்தாள் தாதி நோர்லேலா.
தொப்புளைப் பார்த்தாள், கண் வெள்ளையில் மஞ்சள் பார்த்தாள்,
பிறகு இரண்டு விரலை
அவன் பிடரிக்குள் நுழைத்து எடுத்து
என் முன்னங்கையில் தேய்த்தாள்.
ஈரம்.
"பானாஸ், அபாங்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.
கழுத்து மடிப்பில் கடுகு கடுகாய்ச் சிவப்பு.

ராத்திரி முழுக்க அழுதானே,
பசி என்றோம், வயிற்றுவலி என்றோம்,
கண்ணேறு என்று உப்புகூடச் சுற்றிப் போட்டோம்.
அவிழ்த்துவிடு என்றுதான் சொல்லியிருக்கிறான்.

இன்று இடுப்பில்
என் பழைய கைலியைக் கிழித்து வெந்நீரில் அலசிய துண்டு.
மேலே, பக்கவாட்டில் நாடா கட்டும் சட்டை, ஒன்றே ஒன்று.
தலைவழி இறக்குவதில்லை.
அந்த உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்தால்
எனக்குக் கை நடுங்கும்.
சட்டைக்கைக்குள் மறுமுனையிலிருந்து என் விரலை விட்டு
அவன் கையைத் தேடிப் பிடித்து
வெளியே அழைத்து வர வேண்டும்.
சுண்டுவிரல் நூலில் மாட்டும். நிற்க வேண்டும்.
விடுவித்து, மறுபடி.
பவுடர் வேண்டாமாம்.
எங்கள் தொழிற்சாலையிலும் பவுடருக்குத் தடை.
இந்த ஒன்றில்தான் எனக்கு முன்னனுபவம்.

நாடாவை அவிழ்க்கும்போதெல்லாம்
இரண்டு கையையும் விரித்து எறிகிறான்,
மாடியிலிருந்து யாரோ தள்ளிவிட்டதைப் போல.
என் உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைக்கிறேன்.
உறை இல்லாத கை.
விலா எலும்புகள் அதன் கீழ் ஏறி இறங்குகின்றன.
வேறு துணி எதுவும் தேவைப்படவில்லை,
கொஞ்ச நேரத்துக்கு.

மூன்று மணிக்கு மழை.
கடல் பக்கமிருந்து சாரல் சன்னலைத் தட்டியது.
தொப்பியை எடுக்க எழுந்தேன்.
பிடரியைத் தொட்டேன்.
உட்கார்ந்தேன்.

இரவு ஏழு மணிக்கு மறுபடி
ஒவ்வொன்றாய் அணிந்து
காற்றறைக்குள் நிற்கிறேன்.
நாலா பக்கமும் காற்று அடிக்க
கைகளை உயர்த்திச் சுற்ற வேண்டும், விதி.
உயர்த்துகிறேன்.
யாரோ தள்ளிவிட்டதைப் போல
அவை விரிகின்றன.
அங்கிக்குள், மணிக்கட்டில் எங்கோ,
கைலி நூல் ஒன்று அரிக்கிறது.
காலைவரை
எந்தக் கருவியும் அதை எண்ணப்போவதில்லை.