கீழ்வரிசையில் ஒன்று

மூன்று நாளாய் ரூத் எல்லாவற்றையும் கடித்தாள்.
கட்டில் விளிம்பை,
கேஸ் பில்லின் ஓரத்தை,
ஹெப்சியின் தோளை,
பக்கத்துவீட்டு காவ்ரே காக்கு வாங்கித் தந்த
மஞ்சள் ரப்பர் வாத்து தவிர
எல்லாவற்றையும்.

எச்சில் வழிந்து வழிந்து
கழுத்து மடிப்பில் செக்கச்செவேலென்று தடிப்பு.
நாளைக்கு ஏழு கழுத்துத்துணி.
மழை விடாத ஜூலையில்
சயான் கோலிவாடா மூன்றாம் மாடியில்
எந்தத் துணிதான் காயும்?
மின்விசிறிக்கடியில் கொடி கட்டி
குனிந்து குனிந்து நடந்தோம்,
வீட்டுக்குள் யாரோ பெரிய மனுஷர் இருப்பதுபோல.

"ஈறுல தேன் தடவு" என்றாள் கீழ்வீட்டு சுல்தானா.
"ஒரு வயசு முடியாம தேன் கூடவே கூடாது" என்றார் டாக்டர்.
"ஒரு சொட்டு பிராந்தி" என்று போனில் மச்சான்.
அவனுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.
கடைசியில்
ஃபிரிட்ஜில் வைத்த ஈரத்துணி முடிச்சு
பத்து நிமிடம் அமைதி வாங்கித் தந்தது.
அதற்குள் சாப்பிட்டோம்,
சண்டை போட்டோம்,
சமாதானமும் ஆனோம் என்றுதான் நினைக்கிறேன்.

நான் மூன்றரைக்கு எழ வேண்டியவன்.
வாஷி மார்க்கெட்டின் வெங்காய லாரிகள்
யார் வீட்டில் பல் முளைக்கிறது என்று கேட்டு வருவதில்லை.
முதல் ஹார்பர் வண்டியில்
ஜன்னலோரம் தூங்கியபடியே
பல்லை நறநறவென்று அரைப்பேனாம்.
எதிர்சீட்டுக்காரர் ஒருநாள் பயந்துபோய்
உலுக்கி எழுப்பிவிட்டார்.

அதற்காகத்தான் போன வருஷம்
டாக்டர் பாட்கர்
என் மேல்வரிசையை அச்செடுத்து
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு
கண்ணாடி நிறத்தில் ஓர் உறை செய்து தந்தார்.
"தூக்கத்தில் எதை இப்படிக் கடிக்கிறீர்கள்?"
என்று இந்தியில் கேட்டார்.

"பல்லக் கடிச்சிட்டு இருந்துருடே, பழகிரும்"
என்று சொல்லித்தான் என்னை ரயிலேற்றினார்கள்.
ஊர் பழகிவிட்டது.
கடிப்பதுதான் நிற்கவில்லை.
இதை எப்படி இந்தியில் சொல்ல?
சிரித்து வைத்தேன்.

நாலாம் நாள் ராத்திரி
கட்டிலோரம் உறையின் டப்பி திறந்து கிடந்தது.
தலையணைக்கடியில் இல்லை.
குளியலறையில் இல்லை.
கொடித்துணிகளை விலக்கிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை.
ஹெப்சி கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தாள்.

என் மேல்வரிசை முழுவதையும்
வாயில் கவ்விக்கொண்டு
கண் சொக்கி மென்றுகொண்டிருந்தாள் ரூத்.

பிடுங்கியதும் மாடியே அதிர அழுதாள்.
விளக்கில் பிடித்துப் பார்த்தால்
கடைவாய்ப் பக்கம் நான் அரைத்த பள்ளங்கள்,
எல்லாம் பழசு.
ஓரத்தில் புதிதாய் ஒரு கீறல்.
அரிசி நுனி அளவு.

ஹெப்சி எவர்சில்வர் கரண்டியை எடுத்து
கீழ் ஈறில் மெல்லத் தட்டினாள்.
டிங்.
"ஏங்க, கேட்டுச்சா?"
மறுபடி, டிங்.
அழுகைச் சத்தத்துக்கு எழுந்து வந்த காவ்ரே காக்குவும்
நின்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் போனாள்.

இப்போது காலையும் ராத்திரியும்
விரலில் ரப்பர் பிரஷ்ஷை மாட்டிக்கொண்டு உட்காருகிறேன்.
பால் பாட்டிலோடு தூங்கவிடுவதில்லை,
அதற்கு ஒரு தனிப் போர் நடக்கிறது.
"ஒத்தப் பல்லுக்குப் பிரஷ்ஷா!" என்று
மார்க்கெட்டே சிரிக்கிறது.
சிரிக்கட்டும்,
புகையிலைக் கறை தெரிய.

நேற்று பிரஷ் இல்லாத விரலைப் பிடித்து
நறுக்கென்று கடித்தாள்.
எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வெங்காய வாசம்;
முகம் சுளித்தாள்.
யோசித்தாள்.
மறுபடி கடித்தாள்.

புது உறை செய்யவில்லை.
வெந்நீரில் கழுவி அதையேதான் போட்டுக்கொள்கிறேன்.
மான்கூர்ட் தாண்டி
வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறி
தடதடக்கும்போது
பாதித் தூக்கத்தில்
நாக்கு அந்தக் கீறலைத் தேடிப் போகிறது.