ஆள் வந்த பிறகு

காலியாக இருக்கும்போது
எந்த அரங்கமும் நன்றாகத்தான் பேசும்.

முதுகுப் பையில் ஆறு கைப்பேசிகள்,
கையில் ஏழாவது.
புக்கிட் ஜாலிலில் வெயில் ஏறுமுன்
வரிசை வரிசையாய் நடக்கிறேன்,
நாற்காலிகளுக்கு ஹலோ சொல்லிக்கொண்டு.
பிரிவு 214, ஐந்து கோடு.
பிரிவு 215, ஐந்து கோடு.
புல்லுக்குத் தண்ணீர் விடும் பங்களாதேஷ்காரர்
தினமும் கேட்கிறார்,
யாரைத் தேடுகிறாய் என்று.

இருக்கைகளுக்கு அடியில்
சாப்பாட்டு டப்பா அளவில் சாம்பல் நிறப் பெட்டி.
எண்பது பேருக்கு ஒன்று.
கூரையிலிருந்து பொழிவதைவிடக்
காலடியில் ஊறட்டும் என்பது என் யோசனை.
கியாட் செங் சிரித்தான்:
"உக்காந்து பாப்பாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

அதுவும் சரி.
உடம்பு ஒரு தண்ணீர்ப் பை.
அலையைக் குடிக்கும்.
ஒருவர் குடித்தால் தெரியாது.
எண்பதாயிரம் பேர் எழுந்து நின்றால்
வரைபடத்தில் நான் பூசிய பச்சையெல்லாம்
ஈரச்சுவர்ச் சாயம்போல் உரிந்துவிடும்.

போன டிசம்பரில் அப்படித்தான் உரிந்தது.
"லைன் இல்ல, லைன் இல்ல" என்று
மூன்று மொழியில் ஏச்சு வாங்கினோம்.
மேல் அடுக்கிலிருந்து என் தம்பி சதீசன் அனுப்பிய படம்
காஜாங்கில் அம்மாவுக்கு
மறுநாள் பசியாறும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது.
அம்மா கேட்டார்:
"இன்னிக்கும் ஆட்டமா?"

இன்றிரவு நான் ஆட்டம் பார்க்கவில்லை.
படிக்கட்டுக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை.
ஏர்கோன் குளிருக்கு ஜாக்கெட்.
திரையில் ஒரு கோடு.
ரயில் வந்து இறக்கிவிடும் ஒவ்வொரு தடவையும்
அது ஒரு படி ஏறுகிறது:
எந்த கேட், எங்க நிக்கிற, டிக்கெட் யார்கிட்ட,
கொடி மறந்துட்டேன், தண்ணி வாங்கிட்டு வா.
நான் எதையும் கேட்கவில்லை.
எடையை மட்டும் பார்க்கிறேன்,
மூட்டை தூக்குகிறவன்
உள்ளே என்ன என்று கேட்காததுபோல்.

எழுபத்திரண்டாம் நிமிடம்.
கோடு பொத்தென்று விழுந்தது.

கியாட் செங் நாற்காலியை உதைத்து எழுந்தான்.
கேபிளா? மின்சாரமா?
பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்.
எல்லாம் உயிரோடு.
எல்லா விளக்கும் பச்சை.

யாரும் அனுப்பவில்லை. அவ்வளவுதான்.
மேலே யாரோ பந்தோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.
எண்பதாயிரம் பேர்
கையில் இருப்பது என்னவென்று மறந்துவிட்டார்கள்.
பதினொரு விநாடி
அந்தக் கோடு தரையோடு தரையாய்க் கிடந்தது.
இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடத்தில்
அவ்வளவு அழகான ஒரு பழுதை
நான் கண்டதில்லை.

பிறகு கூரை அதிர்ந்தது.
விசைப்பலகையில் கான்கிரீட் தூசி.
அதற்கும் பிறகுதான் கோடு கிளம்பியது,
போன டிசம்பர் உச்சியைத் தாண்டி,
நாங்கள் சிவப்பில் கிழித்த வரம்பைத் தொட்டு,
தொட்டபடியே நின்று...

தாங்கியது.
அரை நிமிடத்தில் காஜாங்கிலிருந்து அம்மா:
"தம்பி படம் வந்துருச்சு. நீ சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை.

பதினொன்றரைக்கு வெளியே வந்தேன்.
சரிவுப் பாலத்துக்கு அடியில் காக் ரொஹாயாவின் மேசை,
கடைசி மூன்று நாசி லெமாக்.
ஒன்றை எடுத்துக்கொண்டு
கியூஆர் அட்டைக்கு நேரே கைப்பேசியை நீட்டினேன்.
வட்டம் சுற்றியது.
சுற்றியது.
ஒப்பந்தப்படி எங்கள் பச்சை
கேட் கம்பியோடு முடிகிறது.

"இங்க எப்பவும் லைன் இருக்காது," என்றார்
மலாயில், எனக்காக வருத்தப்பட்டு.
"உள்ளே போய்ப் பாரு, உள்ளே நல்லா கிடைக்குதாம்."

காசு எடுத்து வரவில்லை.
நாலரை வெள்ளி கடன்.

காலையில் பங்களாதேஷ்காரர் கேட்டார்,
இன்றைக்கு ஏன் வெளியே நடக்கிறாய் என்று.
பாலத்துக்கு அடியில்
மேசைக் கால் பதிந்த நாலு குழிக்கு நடுவே
நின்று குறித்துக்கொண்டேன்:
இடத்துக்கு எண் இல்லை.
ஒரு கோடு.
அதுவும் விட்டு விட்டு.